அக்கி, இடப்பக்கம், ஐந்தாம் விலா

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில்
மூட்டை தூக்குகிற மாதப்பன்தான் முதல் ஆள்.
சட்டையைக் கழற்றினார்.
இடது விலாவில் குயவர் எழுதிய காவிச் சிங்கம்,
வியர்வையில் பாதி அழிந்து.
சிங்கத்தின் வயிற்றுக்குள் கொப்புளங்கள்.
"எழுதியாச்சு டாக்டரம்மா, எரிச்சல்தான் நிக்கல."

பஞ்சால் காவியைத் துடைத்தேன்.
துடைக்கத் துடைக்க ஒரு பட்டை தெரிந்தது.
முதுகெலும்பில் புறப்பட்டு
மார்பின் நடுக்கோட்டில்
வேலி கண்ட ஆடு போல நின்றிருந்தது.
"நடுவைத் தாண்டினா உசுருக்கு ஆகாதாம்,
எழுதினவர் சொன்னார்."
தாண்டாது என்றேன், நரம்பின் எல்லை அது.
குயவரும் நானும் ஒரே கோட்டைப் பார்த்திருக்கிறோம்;
அவர் எனக்கு வெகுநாள் முன்பே.

பத்தொன்பது வருடமாயிற்று.
ஆராய்ச்சி என்று தர்மபுரியில் நான் எழுதிய முதல் வரி:
ஆண், ஐம்பத்தொன்று, இடப்பக்கம், ஐந்தாம் விலா.

சம்மதப் படிவத்துக்கு ஒரு சொல் தேவைப்பட்டது.
மறைநிலை என்று எழுதினேன், யாருக்கும் புரியவில்லை.
உள்ளுறை என்றேன்,
தாலுக்கா ஆபீஸ் காகிதம் மாதிரி இருக்கிறதென்றாள் நர்ஸ் கனகரூபி.
கடைசியில் வாயால் சொன்னேன்:
சின்ன வயதில் வந்த அம்மை
தலைக்கு ஊற்றிய பிறகும் போகவில்லை,
தண்டுவடத்தோரம் ஒரு நரம்பு முடிச்சில்
படுத்துக்கொண்டது.
மாதப்பன் யோசித்தார்.
"தூங்குதுன்னா தூங்கட்டுமே.
நீங்க எதுக்கு அதைப் போய் பாக்கறீங்க?"

டெல்லியில் நிதி கேட்டபோது
மூன்று பேர் இதையே வேறு மொழியில் கேட்டார்கள்.
இரண்டு இடத்திலும் எனக்குப் பதில் சரியாக வரவில்லை.

மைனஸ் எண்பது பெட்டி ஒன்று வந்தது, பழையது.
கரண்ட் போன இரவுகளில்
நோயாளி பக்கத்தில் உட்கார்வது போல அதன் பக்கத்தில்
நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
பெங்களூர் பஸ்ஸில் மடிமேல் ஐஸ் பெட்டி.
"மீனா? வாடை வந்தா இறக்கி விட்டுடுவேன்"
என்றார் கிருஷ்ணகிரியில் ஏறிய கண்டக்டர்.
நாற்பது பேரின் ரத்தம்
வாடையில்லாமல் ஓசூர் தாண்டியது.

எழுப்புவது எது என்று தேடினேன்.
வயது, சர்க்கரை, எச்.ஐ.வி., புற்றுநோய் மருந்து
எல்லாம் அட்டவணையில் அடங்கின.
கடன் அடங்கவில்லை.
அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள் என்றார் புள்ளியியல்காரர்.
எடுத்தேன். கட்டுரை வந்தது.

போன ஐப்பசியில் என் வலப்பக்கம்,
கொசுவம் செருகும் இடத்துக்கு மேலே, இரண்டு நாள்
ஒன்றுமே இல்லாத தோல் எரிந்தது.
மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தேன்.
வரிசையாக, பாடப்புத்தகப் படம் போல.

எட்டு வயதில் எனக்கு அம்மை வார்த்தது.
தம்பி வேடியப்பனிடமிருந்து வந்தது.
அவனுக்கு ஐந்து. நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது.
எனக்கு முதல் கொப்புளம் எழும்புமுன்
அவனைப் புதைத்துவிட்டு வந்தார்கள்.
அவனுக்கு போட்டோ கிடையாது, எடுத்ததேயில்லை.
ஒரே பாயில், ஒரே போர்வைக்குள்
அவன் இருமி எனக்குள் வந்தது
நாற்பத்தாறு வருடம் இருந்திருக்கிறது.
நானூறு பேருக்கு இதை விளக்கியிருக்கிறேன்.
எனக்கு ஒருமுறையும் தோன்றவில்லை.

கனகரூபியைக் கூப்பிட்டேன்.
கொப்புளத்தைக் குத்தி, குச்சியில் ஒற்றி, குழாயில் போட்டாள்.
எண் நானூற்றுப் பதின்மூன்று.
பெண், ஐம்பத்து நான்கு, வலப்பக்கம்.
'தொற்று யாரிடமிருந்து' என்றொரு கட்டம் உண்டு,
எல்லாத் தாளிலும் 'தெரியாது' என்று நிரம்பியிருக்கும்.
அதில் அவன் பெயரை எழுதினேன்.
அவள் படித்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு மாத்திரை.
ஐந்து வேளை, ஏழு நாள்,
ஒரு வேளையும் விடவில்லை.

எட்டாம் நாள் இரவு கரண்ட் போனது.
பொருக்கு தட்டிய இடுப்பைப் பிடித்துக்கொண்டு
மாடிப்படி ஏறிப் போய்
டீசல் இருக்கிறதா என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.
அரை கேன் இருக்கும் என்றார்.